ஹெட்விகா கேட்ட சத்தம்

ஹெட்விகாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவள் முதுகிலிருந்துதான் தொடங்குவார்கள். பீர்ப் பீப்பாய், உருளைக்கிழங்கு மூட்டை, கேஸ் சிலிண்டர், ஒருமுறை முழுசாக ஒரு வாஷிங் மெஷின் என்று எதையும் மரச்சட்டத்தில் வைத்துக் கட்டிக் காக்கைப்பாறை விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். தாத்ரா மலையில் மரங்களெல்லாம் நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே இருக்கிறது அந்த விடுதி. சாலை கிடையாது. அங்கே ஒருவன் வாயில் போடும் ஒவ்வொரு கவளமும் யாரோ ஒருவர் முதுகில் ஏறித்தான் வந்தாக வேண்டும்.

முதலில் அவள் தையல் ஆலையில் கோட்டுகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆலையை மூடினார்கள். கணவன் பிராகுக்கு வேலை தேடிப் போனான். அங்கே வேலையும் கிடைத்தது, வேறொரு வீடும் கிடைத்தது. ஹெட்விகா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் சுமைச்சட்டத்தைத் தோளில் மாட்டினாள். பெண்பிள்ளை இதைத் தூக்குவதா என்று சிரித்தவர்கள் அடுத்த பனிக்காலத்துக்குள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாதவன் கெய்ஸா ஒருவன்தான்.

கெய்ஸாவும் சுமைக்காரன். மீசை பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளும் வாயடியைக் கேட்பதற்காகவே சில பேர் விடுதியில் இன்னொரு தேநீர் வாங்குவார்கள்.

"என்ன ஹெட்விகா, இன்னிக்குப் பஞ்சு மூட்டையா? நடை துள்ளலா இருக்கு?"

"உன் மூளையைத்தான்டா கட்டி எடுத்துட்டு வந்தேன். கனமே தெரியல."

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு முதலில் வந்து சேரும் சுமையாளுக்குச் சூடாக ஒரு கிண்ணம் பூண்டு சூப்பும், சின்னக் கோப்பையில் பிளம் சாராயமும். கடைசியில் வருகிறவர் விறகு பிளக்க வேண்டும். சூப் பெரிய விஷயமா? இல்லை. சாராயம்? அதுவும் இல்லை. ஆனால் மற்றவன் கோடாலி பிடிப்பதைச் சூப் குடித்துக்கொண்டே பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதற்காக உயிரை விடுகிற ஜாதி இவர்கள்.

விடுதிக்கு இரண்டு வழி. குளிர்காலப் பாதை குட்டைப் பைன் புதர்களுக்குள் நுழைந்து, முகட்டின் மேலேறிச் சுற்றிக்கொண்டு போகும். முட்டி கழன்றுவிடும், ஆனால் பத்திரம். கோடைப்பாதை குறுக்குவழி. அது 'சட்டி' என்று நாங்கள் சொல்லும் பெரிய குழிவான சரிவின் நடுவே போகும். பனி விழுந்தபின் அந்தச் சட்டிக்குள் யாரும் போகக்கூடாது. போகவே மாட்டார்களா என்றால், சுமைக்காரர்கள் எப்போதாவது போவார்கள். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பாதை பிரியும் இடத்தில் இரண்டு பைன் கிளைகளை ஒடித்து, தங்கள் தடத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டுப் போக வேண்டும். 'இது எனக்கு மட்டும், உனக்கு இல்லை' என்று அர்த்தம். ஏனென்றால் கீழேயிருந்து வருகிறவன் பனியைப் பார்ப்பதில்லை, தடத்தைத்தான் பார்க்கிறான். சுமைக்காரன் நடந்த இடம் என்றால் கோயில் வாசல் மாதிரி நம்பி நடப்பான்.

அந்த வருஷம் பனி கெட்ட பனி. நவம்பரில் கொஞ்சமாக விழுந்து நின்றுவிட்டது. பிறகு வாரக்கணக்கில் தெளிந்த வானம், எலும்பைக் கடிக்கும் குளிர். அந்தக் குளிரில் தரையோடு கிடந்த பனி ஒட்டும் தன்மையை இழந்து சீனியாய் உதிர்ந்துவிட்டது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடும். புத்தாண்டுக்குப் பின் காற்றோடு வந்த புதுப்பனி அதன் மேலே பலகை மாதிரி இறுகியது. அடியில் சீனி, மேலே பலகை. சீனியைக் கொட்டி அதன்மேல் பலகையைச் சாய்த்துப்போட்டு ஏறி நின்றால் என்ன ஆகும் என்று அடுப்படியில் வளர்ந்த எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலையடிவாரத்து அறிவிப்பில் பனிச்சரிவு அபாய நிலை மூன்று என்று எழுதியிருந்தார்கள். ஹெட்விகா அதைத் தினமும் படித்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி மூவரசர் திருநாள்; அதற்கு மறுநாள் அவள் தாமதமாகக் கிளம்பினாள். முந்தின நாள் தங்கை வீட்டில் ஞானஸ்நான விருந்து, காலையில் தலை கனத்தது. அடிவாரத்தில் சாமான் ஏற்றிக்கொடுக்கும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கெய்ஸா போய் ரொம்ப நேரமாச்சு அக்கா. உங்களுக்காகக் கோடாலியைத் தீட்டி வைக்கறேன்னு சொல்லச் சொன்னான்."

"சொன்னானா? சரி, வச்சுக்கறேன் அவனை."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறோம். ஆத்திரக்காரிக்கும் அதேதான். பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் அவள் கால் தானாகச் சட்டியின் பக்கம் திரும்பியது. கிளை ஒடிக்கச் சுமையை இறக்க வேண்டும். இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆளில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தினமும் தனியாக இறக்கித் தனியாகத் தூக்கியவள்தான். தடத்தை மூடாமலே நடந்தாள்.

சட்டியின் நடுவில் அந்தச் சத்தம் வந்தது. 'வும்' என்று, அடித்தொண்டையில் யாரோ முனகினாற்போல. காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டதுதான் அதிகம். நின்ற இடம் ஒரு விரற்கடை அளவுக்கு அப்படியே உட்கார்ந்தது. காலடியிலிருந்து மேலே மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியது, ஓடி நின்றது. பலகை சீனியைவிட்டு விலகுகிற சத்தம் அது. மலையில் நடப்பவர்களுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். மூச்சை அடக்கிக்கொண்டு, முட்டையின் மேல் நடப்பதுபோல் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

உள்ளே போனதும் என்ன செய்திருக்க வேண்டும்? விடுதிக்காரர் மிலோட்டாவிடம், 'ஐயா, சட்டி முனகுது, கீழே போன் பண்ணுங்க, எவரையும் விடாதீங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். அடிவாரத்துப் பெண் பாதை பிரியும் இடத்துக்கு ஓடிப்போய்த் தடத்தை மறித்திருப்பாள். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் திட்டு விழும், வந்த வழி செல்லாது என்பார்கள், சூப் கெய்ஸாவுக்குப் போய்விடும். ஹெட்விகா சட்டத்தை இறக்கிவைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

கெய்ஸா வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். மேசையில் இருந்தவளைப் பார்த்துத் தன் கண்ணையே அவன் நம்பவில்லை.

"எந்த வழியா வந்தே நீ?"

"பறந்து வந்தேன்டா. நீ அண்ணாந்து பாக்கலையா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. மிலோட்டா மட்டும் சிரிக்கவில்லை. "சட்டி வழியாவா? எப்படி இருந்தது?"

"கல்லு மாதிரி."

அவர் தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். பூண்டு மணத்தோடு சூப் வந்தது. கெய்ஸா முனகிக்கொண்டே கோடாலியை எடுக்க, "நல்லாத் தீட்டினியா?" என்று ஹெட்விகா கேட்க, மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜன்னலுக்கு வெளியே, சட்டிக்கு மேலே, சரிந்த பனி வெண்புகையாய் எழும்பியது.

அவர்கள் ஓடினார்கள். மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, கையில் அகப்பட்டது எல்லாவற்றோடும் ஓடினார்கள். சரிவின் ஓரத்தில் ஓர் இளம்பெண் நின்று கத்திக்கொண்டிருந்தாள். பெயர் ஸ்லாவ்கா. அவள் கணவன் ராடோவான், கோஷிட்சே நகரத்துப் பள்ளி ஆசிரியன், அவளுக்கு இருபதடி முன்னால் போனவன், எங்கேயும் தென்படவில்லை. பாதை பிரியும் இடத்தில் புதுத் தடத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆழமான தடம், சுமையோடு போனவரின் தடம். நம்பினார்கள்.

ஹெட்விகா தோண்டினாள். கையுறை கிழிந்து நகம் பெயர்ந்த பிறகும் தோண்டினாள். அவன் முகத்தை முதலில் வெளியே கொண்டுவந்தது அவள்தான். வாய்நிறையப் பனி. அதை விரலால் வழித்துவிட்டு ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கெய்ஸாதான் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். ஹெட்விகா தன் கோட்டைக் கழற்றி ஸ்லாவ்காவுக்குப் போர்த்தி, கீழே போய்ச் சேரும்வரை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மீட்புப் படைத் தலைவர் பனியைக் குடைந்து பார்த்தார். சீனியையும் பலகையையும் கண்டார். ஹெட்விகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தடம் உன்னுதுன்னு தெரியும். அதுக்காகக் கேக்கலை. நீ கடக்கறப்போ ஏதாவது சத்தம்? விரிசல்?"

"இல்ல."

"நிச்சயமா?"

"கல்லு மாதிரி இருந்தது."

அப்படியானால் காலையில் தாங்கியிருக்கிறது, அதன்பிறகு காற்று கிளம்பி மேலும் பனியைக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அவள் வார்த்தையை நம்பினால் வேறெந்த முடிவுக்கும் வர முடியாது. ராடோவானின் தாய் மார்கிதாவிடம் நல்ல மனதோடு ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்: "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா கடந்திருப்பாங்கம்மா. விதி."

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தாய் பிடித்துக்கொண்டாள். அன்று காலை ஸ்லாவ்கா தூங்கிவிட்டாள். எழுந்து நிதானமாகக் காபி குடித்தாள், காலணி கடிக்கிறதென்று மறுபடி கழற்றிக் கட்டினாள். இதை அவளே அழுகையில் மாமியாரிடம் சொல்லியிருந்தாள். தவளை தன் வாயால் கெடும். மார்கிதா அதன்பின் மருமகளுக்குக் கதவைத் திறக்கவில்லை.

ஹெட்விகாவுக்கோ நல்ல பெயர். தோண்டின கை என்று ஊரே பேசியது. ஸ்லாவ்கா ஒவ்வொரு ஜனவரியிலும் சுற்றுப்பாதையில் ஏறி விடுதிக்கு வந்தாள், கையில் தானே சுட்ட கசகசாச் சுருள் ரொட்டியோடு. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். ஹெட்விகாவுக்குக் கிடைத்தது, வருஷாவருஷம் கிடைத்தது, இனிப்பாகவே கிடைத்தது. அவள் முன்னாலேயே ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்க வேண்டும். அதற்கு நூறு கிலோ தூக்கிவிடலாம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இவளுடையது குறுகுறுக்கவில்லை, அரித்தது. போட்டி போடுவதை விட்டாள். வேண்டுமென்றே கடைசியாக வந்து யாரும் சொல்லாமலே விறகு பிளந்தாள். வயசாகிவிட்டது என்றார்கள். சாய்வான பனியைப் பார்த்தாலே காலடியில் அந்த முனகல். ஒருமுறை, சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுகையில், கெய்ஸாவிடம் மட்டும் சொன்னாள். ஆயுளில் முதல்முறையாக அவன் கேலி செய்யவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"ஏன்டா?"

"செத்தவன் திரும்பி வரப்போறானா? சொன்னா இனிமே உன்னை மனுஷியா மதிப்பாங்களா? விடு. நான் அன்னைக்கு அந்தக் கோடாலிப் பேச்சைப் பேசாம இருந்திருக்கலாம். அதையே நான் முழுங்கிட்டு இருக்கேன்."

அவன் நல்லவன்தான். ஆனால் அவன் சொன்ன யோசனை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த யோசனை.

ஐந்தாவது ஜனவரியில் ஸ்லாவ்கா வந்தபோது முகம் வற்றியிருந்தது. ரொட்டியை வெட்டிவைத்தாள், தான் தொடவில்லை.

"மார்கிதாம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் அக்கா. பூ வாங்கிட்டுப் போனேன். சங்கிலியை எடுக்காமலே கதவிடுக்குல நின்னு பேசினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'அந்த ஒரு மணி நேரத்தைக் கொண்டா, உள்ள விடறேன்'னாங்க." அவள் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அம்மா இல்ல. ராடோ இருந்தப்ப அவங்கதான் எனக்கு அம்மா. என்னைத் திட்டறாங்கன்னு வருத்தம் இல்லக்கா. அவங்க சொல்றது சரிதானேன்னுதான். நான் காபியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த நேரம் அது. எத்தனை தடவை அந்தக் கோப்பையைக் கனவுல பாத்திருப்பேன் தெரியுமா? நீங்க போனப்போ நல்லாத்தானே இருந்தது? மலை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

பக்கத்து மேசையிலிருந்த கெய்ஸா நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஹெட்விகா அவனைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் தன் ஒருத்தியின் பாவம் என்று நினைத்து அவள் பொத்திவைத்திருந்தது, இந்தப் பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்து அவளை நசுக்கிக்கொண்டிருக்கிறது. அது அவளுக்கு அன்றுதான் புரிந்தது. புரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மனுஷியே இல்லை.

"சொன்னுச்சு," என்றாள்.

"என்னது?"

"மலை சொன்னுச்சு, ஸ்லாவ்கா. நடுச் சரிவுல எனக்குக் கீழ முனகிச்சு. விரிசல் ஓடுச்சு. காலையிலயே அது விழக் காத்துட்டு இருந்தது. நீ ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் உங்க காலடியிலதான் விழுந்திருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தடத்தை மூடலை, இங்க வந்தும் சொல்லலை. கேட்டப்போ இல்லைன்னேன்."

"ஏன்?"

"முதல்ல வந்துட்டேன்னு காட்டிக்க."

ஸ்லாவ்கா கத்துவாள், அடிப்பாள் என்று ஹெட்விகா எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஸ்லாவ்கா தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா உங்களுக்காகக் கசகசா அரைச்சிருக்கேன்," என்றாள் கடைசியில். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எழுந்திருங்க."

"எங்க?"

"கோஷிட்சேக்கு. அவங்ககிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க."

கெய்ஸா குறுக்கே வந்தான். "ஹெட்விகா, நாளைக்குப் பீர் ஏத்தணும், நீ இல்லாம..."

"நீ தூக்குடா," என்று சொல்லிவிட்டு அவள் தொப்பியை எடுத்தாள்.

ரயிலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காராமல் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஹெட்விகா சொல்ல வேண்டியதைக் கோர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதில் எங்காவது ஒரு சமாதானம் வந்து ஒட்டிக்கொண்டது. தலை கனத்தது, சுமை கனத்தது, கெய்ஸா சீண்டினான். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். மிஞ்சியது சின்னதாக இருந்தது.

நாலாவது மாடி. மார்கிதா சங்கிலி போட்ட கதவிடுக்கில் நின்று கேட்டாள். வெள்ளை முடியை இழுத்துக் கட்டிய ஒல்லியான கிழவி. ஹெட்விகா யாரென்று சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். முனகல், விரிசல், மூடாத தடம், சொன்ன பொய், ஸ்லாவ்காவின் கனவில் வரும் காபிக் கோப்பை.

"என் பையன் அந்தத் தடத்துல ஏறி வந்துட்டிருந்தப்போ," என்று கிழவி கேட்டாள், "நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

இதை மட்டும் ஹெட்விகா ரயிலில் கோர்த்துப் பார்க்கவில்லை.

"சூப் குடிச்சிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"சிரிச்சிட்டிருந்தேன்ம்மா."

கதவு சாத்திக்கொண்டது. ஸ்லாவ்கா சுவரோடு சாய்ந்தாள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். உள்ளே சங்கிலி கழலும் ஓசை. கதவு முழுசாகத் திறந்தது. கிழவியின் கையில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. எங்கள் பக்கத்தில் வந்தவர் காலுக்கு அதை எடுத்து வைத்த பிறகுதான் மற்ற உபசாரமெல்லாம். மூட்டு வலிக்கக் குனிந்து, அதை ஸ்லாவ்காவின் காலடியில் வைத்தாள்.

"காலெல்லாம் ஈரம். உள்ள வாடி," என்றாள். "கோப்பையையே நினைச்சுட்டு இருந்தியாடி? நானும்தான்டி, நானும்தான்."

ஸ்லாவ்கா காலணியைக் கழற்றக் குனிந்தவள் எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கிழவி அவளைத் தூக்கி அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஹெட்விகாவின் பக்கம் இருவருமே திரும்பவில்லை. கதவு மூடியது. அது நியாயம்தான் என்று ஹெட்விகாவுக்குப் பட்டது. நியாயமாக இருந்தும் வலித்தது. இரண்டாவது ஜோடிச் செருப்பு வருமோ என்று கொஞ்ச நேரம், வெட்கமில்லாமல், அங்கேயே நின்றாள்.